விசில் யார் கழுத்தில்

செண்பகத்துக்கு எது கிடைத்தாலும் எனக்கு வயிறு எரியும். இதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. ஆம்பூரில் நாங்கள் வேலை பார்க்கும் தோல் டேனரிக்குப் பின்னால் இருக்கிற வரிசை வீடுகளில் அவள் வீடும் என் வீடும் ஒட்டினாற்போல இருக்கின்றன. நடுவில் ஒரே சுவர். அவள் தாளித்தால் எனக்குத் தும்மல் வரும். அவள் புருஷன் அந்தோணி ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது அவளுக்கு மல்லிகைப்பூ வாங்கிவருவான். என் புருஷன் துரைசாமி எனக்கு என்ன வாங்கிவந்தான் என்று கேட்டால், கலியாணத்தன்று கட்டின தாலியைத் தவிர எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் அவளால் என் பக்கத்தில்கூட வரமுடியாது. அது என் குரல். டேனரியில் நாங்கள் பெண்கள் கொட்டகையில் வரிசையாக நின்று ஆவாரம்பட்டையை உரலில் இடித்துத் தூளாக்குவோம். அந்தத் தூளைக் கரைத்த தண்ணீரில் ஊறித்தான் தோல் பதமாகும். உலக்கைகள் ஒரே தாளத்தில் விழவேண்டும் என்றால் பாட்டு வேண்டும். பாட்டெடுத்துக் கொடுப்பவள் நான். நான் ஓர் அடி பாடினால் மற்றவர்கள் அடுத்த அடியைப் பாடுவார்கள். "போதும்டி பொண்ணுங்களா, ஒலக்கைய சாத்துங்கடி" என்று கடைசி அடியை நான் இழுத்தால்தான் உலக்கைகள் நிற்கும். மேஸ்திரி தொண்டை கிழியக் கத்தினாலும் நிற்காது. செண்பகத்துக்கு எலிக்குரல். பக்கத்து உரலில் நிற்பவளுக்கே அது கேட்காது.

அதனால்தான் விசில் எனக்கு வரும் என்று நான் நம்பினேன். என்ன விசில் என்று சொல்கிறேன்.

திருப்பத்தூர்ப் பக்கம் ஏதோ ஒரு டேனரியில் பட்டைக் கிடங்கு தீப்பிடித்து, அணைக்கப் போன ஆட்கள் மேலேயே கூரை விழுந்துவிட்டது. அதைக் கேள்விப்பட்டதிலிருந்து எங்கள் முதலாளி சாயபுவுக்குத் தூக்கம் போய்விட்டது. மதராஸிலிருந்து ஒரு கைப்பம்பு வரவழைத்தார். அதோடு, மதராஸில் தீயணைப்புப் படையில் இருந்து ஓய்வு பெற்ற சுப்பராயன் என்பவரையும் எங்களுக்குப் பயிற்சி கொடுக்கக் கூட்டிவந்தார். ஆளைப் பார்த்தால் தீயோடு சண்டை போட்டவர் மாதிரியே இல்லை. கோட்டு, குடை, கோட்டுப் பையில் பொட்டுக்கடலை. பேசும்போது ஒவ்வொரு கடலையாக வாயில் போட்டுக்கொள்வார். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார்.

பாலாற்று மணலில் பட்டைக் கழிவைக் குவித்து, மேலே நாலு கழி நட்டு ஓடு போட்டு, அதைக் கொளுத்திவிட்டுத்தான் எங்களுக்குப் பாடம். பம்பின் இரண்டு பக்கமும் நீளக் கட்டை. ஆண்கள் எதிரெதிரே நின்று அதை மாறிமாறி அழுத்துவார்கள். பம்பு பக்கத்தில் இருக்கும் மரத்தொட்டியிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக் கித்தான் குழாய் வழியாகப் பீய்ச்சும். கிணற்றிலிருந்து மரத்தொட்டி வரைக்கும் பெண்கள் வரிசையாக நின்று குடத்தைக் கைமாற்றிவிட வேண்டும். எங்களுக்குக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்துதான் பழக்கம். நின்ற இடத்தில் நின்று கொடுக்கவேண்டும் என்றபோது முதல்நாள் பாதித் தண்ணீர் எங்கள் புடவையில்தான் இருந்தது.

"எரியறத நெனச்சு அழாதீங்க. எரியாம இருக்கற பக்கத்துக் கொட்டாய மொதல்ல நனைங்க" என்றார் சுப்பராயன். "உள்ள போறவங்க ரெண்டு பேரா போங்க. நிமிந்து நடக்காதீங்க, தவழ்ந்து போங்க. மூச்சு விடற காத்து தரையிலதான் இருக்கும். ஒரு கை எப்பவும் குழாய் மேல இருக்கணும். பொகையில கண்ணு தெரியலைன்னாலும் குழாயத் தடவிக்கிட்டே வெளிய வந்துடலாம்."

"தவழ்றதுக்கு நான் இன்னா கொழந்தையா?" என்று துரைசாமி சிரித்தான். நிமிர்ந்தபடியே புகைக்குள் போனான். போன வேகத்தில் இருமிக்கொண்டு வெளியே வந்து மணலில் உட்கார்ந்தான். அதற்கப்புறம் அவனை மாதிரித் தவழ்ந்தவன் யாரும் இல்லை. குழாய் முனையைப் பிடிக்கும் வேலை அவனுக்குத்தான் கிடைத்தது. அவனுக்குத் துணையாகப் பின்னால் போக சாமுவேல். அந்தோணி வெறும் பம்படிக்கும் ஆள். அன்றைக்கு நான் செண்பகத்தைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்.

அப்புறம் சுப்பராயன் கோட்டுப் பையிலிருந்து அந்தப் பித்தளை விசிலை எடுத்தார்.

"ஒருத்தர் மட்டும் தண்ணியையும் தொடக்கூடாது, பம்பையும் தொடக்கூடாது. ஒசரமா ஒரு எடத்துல சும்மா நின்னு பாக்கணும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "உள்ள இருக்கறவனுக்கு நெருப்பு மட்டும்தான் தெரியும். பம்படிக்கறவனுக்குப் பம்பு மட்டும்தான் தெரியும். கூரை விழப்போவுதுன்னு யாராவது பாக்கணுமே. பாத்துட்டு நீளமா ஒரு ஊது ஊதணும். ஊதினா பொம்பளைங்க கொடத்தப் போட்டுட்டு வேப்பமரத்தாண்ட ஓடிடணும். தண்ணி நின்னா பம்பு நிக்கும், பம்பு நின்னா குழாய் தொளதொளத்துப்போவும். அதான் உள்ள இருக்கறவங்களுக்கு சேதி. ஊதறவங்கதான் இங்க தலைவரு. அந்த நேரத்துல முதலாளியே வந்தாலும் அவங்க சொல்றதுதான்."

ஆண்கள் எல்லாரும் பம்புக்கே வேண்டியிருந்ததால் அந்த ஆள் பெண்களில் ஒருத்தியாகத்தான் இருக்கவேண்டும் என்றார். நான் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஓரடி முன்னால் வந்து நின்றேன். ஊரையே நிறுத்தும் குரல் இருக்கிறவள் இருக்கும்போது வேறு யாரைக் கூப்பிடப் போகிறார்?

அவர் எங்களை வரிசையாக நிற்கவைத்து ஒவ்வொருத்தியிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார். "இப்ப எரிஞ்சதே, இன்னாம்மா பாத்தீங்க?"

"பெரிய நெருப்புங்க ஐயா. ஆளு ஒசரத்துக்கு எழும்புச்சு" என்றேன் நான்.

செண்பகம் என்ன சொன்னாள் தெரியுமா? தரையைப் பார்த்துக்கொண்டே, "பொகை மொதல்ல வெள்ளையா வந்துச்சுங்க. அப்பறம் பழுப்பாச்சு. அது பழுப்பானப்ப நடுக்கூரையில ஓடு கொஞ்சமா எறங்குச்சு. செல்லம்மாக்காவுக்கு ஈரத்துல காலு வழுக்குது. அவங்கள கெணத்தாண்டயே நிக்கவெச்சா தேவல" என்றாள்.

அவர் கடலை மெல்வதை நிறுத்தினார். விசிலை அவளிடம் கொடுத்துவிட்டார். அதோடு விட்டாரா? "இனிமே தண்ணி எடுக்கும்போது பாட்டு வேணாம்மா. விசில் காதுல விழாது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். விசிலும் இல்லை, பாட்டும் இல்லை. எனக்குக் காது இரண்டும் சூடாகிப்போனது.

சாயங்காலம் அவரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "நான் இன்னாங்க கொறஞ்சுபோய்ட்டேன்?"

"கொறையே இல்லம்மா. உங்க வீட்டுக்காரரு குழாய் முனையில இருக்காரு. அவரு உள்ள இருக்கும்போது நீங்க அவசரப்பட்டு சீக்கிரமே ஊதிடுவீங்க. இல்லாட்டி அவருக்குத் தண்ணி நின்னுடுமேன்னு பயந்து லேட்டா ஊதுவீங்க. ரெண்டும் ஆவாது. யாரோட ஆளு உள்ள போறாரோ அவங்க கையில விசில் இருக்கவே கூடாது. இது எங்க படையில சட்டம்."

ஓஹோ, இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டேன். துரைசாமி முனையைப் பிடித்தால் எனக்கு விசில் இல்லை. அந்தோணி பிடித்தால் செண்பகத்துக்கு இல்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் என் நடை வேகமாக இருந்தது.

துரைசாமி சோற்றில் கை வைத்ததும் நான் அழ ஆரம்பித்தேன்.

"இன்னாடி ஆச்சு?"

"நீ அந்த நெருப்புக்குள்ள போறது எனக்குப் புடிக்கல."

அவன் உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டான். கலியாணமாகி இத்தனை வருஷத்தில் அவனுக்காக நான் அழுததை அவன் பார்த்ததில்லை. மாமியார் செத்தபோதுகூட என் கண் கலங்கவில்லை என்று அவன் அக்கா இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

"பயிற்சிதானடி" என்றான்.

"நெஜமாவே ஒரு நாளு பத்திக்கிச்சுன்னா? நான் இன்னா பண்ணுவேன்? அந்தோணி போவட்டுமே. ஒல்லி ஒடம்பு, தவழ்றதுக்குத் தோதா இருக்கும்."

அவன் சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினான். பிறகு, "முனை புடிக்கறது எனக்குப் புடிச்சிருக்குடி அமிர்தம்" என்றான். நான் இன்னும் சத்தமாக அழுதேன். குரல் விஷயத்தில் எனக்குக் குறையா? "சரி வுடு, ஐயாகிட்ட சொல்றேன்" என்று தட்டை நகர்த்திவிட்டு எழுந்து கை கழுவினான்.

மறுநாள் எல்லார் முன்னாலும் சொன்னான். "வூட்ல அழுவுறாங்க ஐயா. நான் பம்படிக்கறேன். அந்தோணி முனை புடிக்கட்டும்." ஆண்கள் கேலி செய்தார்கள். சுப்பராயன் கடலை மென்றுகொண்டு என்னைப் பார்த்தார். அந்தோணியை இரண்டு முறை புகைக்குள் அனுப்பிப் பார்த்தார். அவன் நன்றாகவே தவழ்ந்தான். "அப்ப விசில் கை மாறணும்" என்றார்.

செண்பகம் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றினாள். எங்கள் டேனரித் தோலிலேயே வார் அறுத்துக் கோத்திருந்தாள். வாய் வைக்கும் இடத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்து, அவள் கையாலேயே என் கழுத்தில் மாட்டினாள். "அவருக்கு இஷ்டம்னா எனக்கு இன்னா?" என்றாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சமாவது சுருங்கவேண்டாமா அந்த முகம்? சுருங்கவில்லை. என் சந்தோஷத்தில் பாதி அங்கேயே போய்விட்டது.

பயிற்சி முடிந்து ஊருக்குக் கிளம்பும் அன்று சுப்பராயன் என்னைக் கூப்பிட்டார்.

"ஞாபகம் வெச்சுக்குங்கம்மா. நடுக்கூரை ஒரு தடவ எறங்கினாலே ஊதிடணும். ரெண்டாவது தடவைக்குக் காத்துக்கிட்டு இருக்கக் கூடாது. சில கூரை ரெண்டாவது தடவ சொல்லாமயே விழுந்துடும். உள்ள யாரு இருக்காங்கன்னு யோசிக்கவே கூடாது."

"தெரியும்ங்க ஐயா" என்றேன். என் கையில் கொஞ்சம் பொட்டுக்கடலை போட்டுவிட்டு ரயிலேறினார்.

அதற்கப்புறம் நான் விசிலை எங்கேதான் போட்டுக்கொண்டு போகவில்லை? சந்தைக்குப் போட்டுக்கொண்டு போனேன். கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போனேன். "ஏண்டி, தாலிய கழட்டினாலும் இத கழட்ட மாட்ட போலிருக்கே" என்று செல்லம்மாள் கிண்டல் செய்தாள். வாரத்துக்கு ஒருதரம் ஒத்திகை நடக்கும்போது நான் தோல் எடை போடும் கல்மேடையில் ஏறி நின்றுகொள்வேன். யார் எங்கே நிற்கவேண்டும் என்று சொல்வது என் வேலை. செண்பகத்தை வரிசையின் கடைசியில், மரத்தொட்டிப் பக்கத்தில் நிறுத்தினேன். குழாய் நீளம் பத்தாததால் தொட்டி கிடங்குச் சுவரை ஒட்டித்தான் இருந்தது. தீ வந்தால் அனல் முழுக்க அங்கேதான் அடிக்கும். "உனுக்குத்தான் கண்ணு ஜாஸ்தியாச்சே, முன்னாடி நின்னு பாரு" என்றேன். அவள் போய் நின்றாள்.

பங்குனி வெயிலில் ஒருநாள், சாப்பாட்டு வேளை முடிந்து உலக்கையை எடுக்கிற நேரம், பட்டைக் கிடங்கின் வடக்கு மூலையில் புகை வந்தது. ரயில் எஞ்சின் பொறி என்று சிலர் சொல்கிறார்கள், பீடி என்று சிலர். அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. மணிக்குப் பதிலாகத் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டை மேஸ்திரி தட்டினான். சொன்னால் நம்பமாட்டீர்கள், அவரவர் இடத்தில் அவரவர் வந்து நின்றார்கள். அந்தோணியும் சாமுவேலும் குழாயை இழுத்துக்கொண்டு தவழ்ந்து உள்ளே போனார்கள். துரைசாமி பம்புக் கட்டையைப் பிடித்தான். குடங்கள் நகர்ந்தன. நான் கல்மேடையில் ஏறி விசிலைக் கையில் பிடித்துக்கொண்டேன்.

உள்ளே பட்டைத்தூள் வெடித்து வெடித்து எரிந்தது. பெண்களுக்குப் பயம் வந்துவிட்டது. பயம் வந்ததும் கை தாளம் தப்பியது, குடம் இரண்டு கீழே விழுந்தது. அப்போதுதான் கிணற்றடியில் இருந்த செல்லம்மாள் பாட ஆரம்பித்தாள். இடிக்கிற பாட்டு. அடுத்தவள் சேர்ந்துகொண்டாள், பிறகு எல்லாரும். எங்கள் கைகளுக்குப் பாட்டில்லாமல் வேலை செய்து பழக்கமே இல்லை. பாட்டு வந்ததும் குடங்கள் சீராக ஓடின. பாட்டு கூடாது என்பது எனக்கு ஞாபகம் இருந்தது. நிறுத்தச் சொல்லி நான் கத்தியிருக்க வேண்டும். அப்போது எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? என் பாட்டை நான் இல்லாமல் செல்லம்மாள் எடுக்கிறாளே, நானில்லாமலேயே இவ்வளவு நன்றாகப் போகிறதே என்பதுதான்.

புகை வெள்ளையாக இருந்தது. பிறகு பழுப்பானது. நடுக்கூரையில் ஓடு வரிசை கொஞ்சம் இறங்கியது.

பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். விசில் வாயில்தான் இருந்தது.

ஆனால் உள்ளே இருந்தது அந்தோணி. ஊதினால் அவனுக்குத் தண்ணீர் நின்றுவிடும். அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த வரிசை வீடுகள் முழுக்க என்ன பேசும்? தன் புருஷனை வெளியே இழுத்துவிட்டு, செண்பகத்தின் புருஷனை உள்ளே தள்ளி, தண்ணீரையும் நிறுத்திவிட்டாள் அமிர்தவள்ளி என்று பேசும். எனக்கு அவள்மேல் இருக்கிற எரிச்சல் தெரியாதவர் யார்? இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று நின்றேன். மரத்தொட்டிப் பக்கத்தில் செண்பகம் குடத்தை வாங்கிக் கவிழ்த்துக்கொண்டே கூரையைப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தோணி போன வாசலைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

கூரை இரண்டாவது தடவை இறங்கியது. ஊதினேன். நெஞ்சில் இருந்த மூச்சு முழுவதையும் விட்டு ஊதினேன்.

ஒருத்திக்கும் கேட்கவில்லை. பாட்டு அத்தனை சத்தமாகப் போய்க்கொண்டிருந்தது. குடங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. இல்லை, ஒருத்திக்குக் கேட்டது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்குக் கேட்டது. செண்பகம் கையைக் கீழே போட்டாள். அவளுடைய புருஷன் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் நெருப்பில் இருக்கிறான், அவனுக்குப் போகிற தண்ணீர் அவள் கையில் இருக்கிறது, விசில் கேட்டதும் குடத்தைக் கீழே வைத்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவள் அடுத்த குடத்தை அவள் மார்பில் இடித்தாள். அவள் வாங்கவில்லை.

நான் விசிலைத் துப்பினேன். கழுத்து நரம்பு புடைக்க, கடைசி அடியை எடுத்தேன்.

"போதும்டி பொண்ணுங்களா, ஒலக்கைய சாத்துங்கடி..."

எல்லாக் குடமும் கீழே போனது. பாட்டு நின்றது. அந்த அமைதியில் மறுபடி ஊதினேன். பெண்கள் வேப்பமரத்தைப் பார்த்து ஓடினார்கள். செண்பகம் பக்கத்தில் நின்றிருந்த இரண்டு பேரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். பம்பு நின்றது, துரைசாமியும் மற்ற ஆண்களும் கட்டையை விட்டுவிட்டு விலகி ஓடினார்கள். சாமுவேல் குழாயைத் தடவியபடி தவழ்ந்து வெளியே வந்தான். அவன் பின்னால் யாரும் இல்லை. அப்போது கூரை விழுந்தது. கூரை விழுந்த வேகத்தில் பக்கச் சுவர் வெளியே சாய்ந்து, மரத்தொட்டி இருந்த இடத்தில் செங்கல் குவியல்தான் இருந்தது. செண்பகம் வேப்பமரத்தடியிலிருந்து ஓர் அடிகூட நகரவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அந்தோணி வந்தான். வாசல் புகையிலிருந்து முதலில் தலை, பிறகு தோள். குழாய்மேல் எரிகிற கட்டை ஒன்று விழுந்திருந்ததாம். கையை எடுத்தால் வழி தெரியாது என்று அந்தக் கட்டையைத் தள்ளித் தள்ளி, சூட்டைத் தாங்கிக்கொண்டு குழாயைப் பிடித்தபடியே வந்திருக்கிறான். கூரை விழும்போது வாசற்படியை எட்டிவிட்டானாம், அதனால் உயிர் இருந்தது. உள்ளங்கைகள் இரண்டும் வெந்துபோயிருந்தன.

கிடங்கு போனது போனதுதான். ஆனால் ஆட்களில் ஒருவரும் சாகவில்லை. முதலாளி எல்லாரையும் கூட்டி, என் குரலால்தான் அத்தனை பெண்களும் பிழைத்தார்கள் என்று சொல்லி எனக்குப் பட்டுப்புடவை கொடுத்தார். தெருவில் போனால் என்னைக் கூப்பிட்டுப் பேசினார்கள். துரைசாமி ஒருவர் விடாமல் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். எனக்கு ஒரு வாரம் சோறு தண்ணி வேண்டியிருக்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அந்தோணியை வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த பிறகு, பார்க்காமல் இருந்தால் நன்றாக இருக்காதே என்று நாலு வாழைப்பழத்தோடு போனேன். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். இரண்டு கையிலும் துணிக்கட்டு. செண்பகம் அவன் வாயில் ஈ உட்காராமல் விசிறிக்கொண்டிருந்தாள்.

"கூரை மொத தடவ எறங்கினத நீ பாத்தியா?" என்றாள். அதே எலிக்குரல்.

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஏனோ வாய் வரவில்லை. "பாத்தேன்" என்றேன்.

"அப்ப ஏன் ஊதல?"

"உன் ஆளு உள்ள இருந்தான்டி. ஏதாவது ஆச்சுன்னா ஊரு என்னைத்தான சொல்லும்?"

அவள் விசிறுவதை நிறுத்தவில்லை. "நான் அங்க நின்னிருந்தா மொத தடவையே ஊதியிருப்பேன்" என்றாள். "கட்டை விழறதுக்கு முன்னாடி அவரு வந்திருப்பாரு. கை இருந்திருக்கும்."

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். எனக்குக் கத்தத் தெரியும். அவள் கத்தவில்லை. நான் பழத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தேன்.

கிடங்கை மறுபடி கட்டினார்கள். புது மரத்தொட்டி வந்தது, நீளமான குழாய் வந்தது. சுப்பராயனும் மறுபடி வந்தார். அந்தோணியின் விரல்கள் மடங்காது, இனி அவன் முனை பிடிக்க முடியாது. அதனால் துரைசாமியைக் கூப்பிட்டார். அதன் பிறகு என்ன நடக்கும் என்று அவர் சொல்லவேண்டியதில்லை. நானே விசிலைக் கழற்றினேன். செண்பகம் மாட்டிக்கொண்டாள். என்னைப் பார்த்து, "துரைசாமி அண்ணன் உள்ள இருக்கும்போது நான் மொத தடவையே ஊதிடுவேன். நீ பயப்படாத" என்றாள்.

இதைத் திட்டாகச் சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். ஆறுதலாகச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் துரைசாமி பித்தளை முனையைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். அது பளபளப்பதைப் பார்க்கப் பார்க்க அந்தோணியின் கைக்கட்டு கண்ணில் வந்து நின்றது. "வேணாய்யா. நீ போவாத" என்றேன். அழுகை தானாக வந்தது, நிறுத்த முடியவில்லை.

அவன் தேய்ப்பதை நிறுத்தாமல் சிரித்தான். "போன தடவ நீ விசிலுக்குத்தான் அழுதன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? தெரிஞ்சேதான் வுட்டுக் குடுத்தேன். இப்ப எதுக்குடி அழுவுற? எது வேணும், சொல்லு."

நான் என்னத்தைச் சொல்வேன்? இந்தத் தடவை எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அதை அவன் நம்பமாட்டான்.

அடுத்த நாள் ஆற்று மணலில் ஒத்திகை. மரத்தொட்டிப் பக்கத்தில் நானேதான் போய் நின்றேன். துரைசாமி தவழ்ந்து புகைக்குள் போனான். யாரும் பாடவில்லை. குடத்தை வாங்குவதும் கவிழ்ப்பதுமாக இருந்தேனே தவிர, என் கண் செண்பகத்தின் வாயைவிட்டு நகரவில்லை. கூரை ஓடு லேசாக அசைந்த மாதிரி இருந்தது. அசைந்ததா இல்லையா என்று நான் நினைப்பதற்குள் அவள் ஊதிவிட்டாள். வரிசையில் முதலில் கீழே விழுந்தது என் குடம்தான். துரைசாமி வெளியே வந்து, இன்னும் நேரம் இருந்ததே என்று முனகிக்கொண்டே முழங்காலைத் தட்டினான். அவன் தட்டி முடிப்பதற்குள் பின்னால் கூரை உட்கார்ந்தது.

சரியான நேரத்தில்தான் ஊதினாள், பாவி. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.